செடியின் எதிர்ப்பு சக்தியை யாரும் கேட்பதில்லை

பயிரில் நோய் கண்டால் என்ன மருந்து அடிக்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அந்தச் செடி தன்னளவில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இது எனக்கு ரொம்ப நாளாகவே ஆதங்கம்.

1961-இல் ஃபிராங்க் ராஸ் என்ற ஆய்வாளர் எழுதியதைப் பாருங்கள். புகையிலைச் செடியின் கீழ் இலைகளில் தேமல் வைரஸைத் தடவினார். சில நாள் கழித்து மேல் இலைகளில் தடவியபோது புண்கள் சிறுத்துப் போயின, எண்ணிக்கையும் குறைந்தது. அடிபட்டது கீழே, உஷாரானது மேலே! செய்தியைக் கொண்டுபோனது எது?

செடிக்குள்ளேயே உருவாகும் சாலிசிலிக் அமிலம்தான் என்று முதலில் நம்பினார்கள். ஆனால் அதைச் சேர்த்துவைக்க முடியாத அடிச்செடியில் வேறொரு செடியை ஒட்டுக்கட்டிப் பார்த்தபோதும், செய்தி மேலே போய்ச் சேர்ந்தது. எதிர்ப்புக்கு அந்த அமிலம் வேண்டும், ஆனால் தூது போவது அது இல்லை. அப்புறம் 2018-இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் என்-ஹைட்ராக்ஸிபிபெகோலிக் அமிலத்தைக் கண்டுபிடித்தன. லைசின் என்ற சாதாரண அமினோ அமிலத்திலிருந்து செடியே இதைத் தயாரிக்கிறது. சில இலைகளுக்கு மட்டும் கொடுத்தாலும் மற்ற இலைகளும் நோயை எதிர்க்கின்றன.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதற்கு அடுத்த கட்டம். செடி இந்த அமிலத்தின் மேல் ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டி, அதை முடக்கியும் வைக்கிறது. அப்படி ஒட்டும் நொதி இல்லாத செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள். நோயை நன்றாகவே தாங்கின. ஆனால் குட்டையாக நின்றுவிட்டன. எப்போதும் சண்டைக்குத் தயாராக இருக்கும் செடியால் வளர முடியவில்லை.

அதனால்தான் "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மருந்து, வாராவாரம் அடியுங்கள்" என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. சாலிசிலிக் அமிலத்தின் நெருங்கிய உறவு என்பதால் ஆஸ்பிரின் மாத்திரையைக் கரைத்து அடிக்கச் சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான். அளவு மீறினால் இலை கருகும்.

சரி, இந்த வழியே வேண்டாமா? கண்டிப்பாக வேண்டும். ஜப்பானில் 1970-களிலிருந்து நெல் குலை நோய்க்குப் புரோபெனசோல் என்ற மருந்தைப் போடுகிறார்கள். அது பூஞ்சையைக் கொல்வதைவிட நெல்லின் சொந்த எதிர்ப்பைத் தட்டி எழுப்பித்தான் வேலை செய்கிறது. வயலிலேயே பலன் கண்ட வழி இது.

எந்தப் பயிருக்கு, எந்தப் பருவத்தில், எவ்வளவு கொடுத்தால் மகசூல் குறையாது என்ற ஆராய்ச்சிக்குத்தான் இப்போது பணமும் ஆட்களும் வேண்டும். அந்த விவரம் இல்லாமல் வரும் எந்த பாட்டிலையும் தயவுசெய்து யாருக்கும் பரிந்துரைக்காதீர்கள்.