திரை பாதி ஏறியதுமே கைதட்டல்

'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' என்ற இசை நடன நாடகத்தின் மறு அரங்கேற்றத்தைப் பற்றிய உங்கள் விமர்சனத்தில், அதற்கு ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டியதைப் பழைய நினைவு மயக்கம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்களே! 2017-இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் நானும் பார்த்தேன். திரை கொஞ்சம் ஏறி அப்படியே நின்றுவிடும். தெரிவது கால்கள் மட்டும்தான், வரிசை வரிசையாக, ஒரே தாளத்தில் தரையைத் தட்டிக்கொண்டு. ஒரு முகம்கூடத் தெரியவில்லை, அதற்குள் அரங்கமே அதிர்ந்தது. என் பக்கத்தில் கத்திய பள்ளிக்கூடப் பெண்ணுக்கு நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் 1980-இல் இது அரங்கேறியதைப் பற்றி என்ன நினைவு இருக்கப்போகிறது?

கதை மெலிசுதான். நாயகிக்குக் கணுக்கால் முறிய, கூட்டத்தில் ஆடியவள் நட்சத்திரமாகிறாள், நாம் பார்க்காததா! ஆனால் இதை முதலில் இயக்கி நடனமும் அமைத்த கோவர் சாம்பியன் பிராட்வே அரங்கேற்ற நாளன்றே இறந்துபோனார். ஆட்டம் முடிந்து ஜனம் கைதட்டிக்கொண்டிருக்கும்போதுதான் தயாரிப்பாளர் டேவிட் மெரிக் மேடையில் வந்து அதைச் சொன்னார். நடிகர்களுக்கே அப்போதுதான் தெரியும். அதைப் படித்தபின் அந்தக் கால்களை வெறும் துள்ளலாகப் பார்க்க முடியவில்லை எனக்கு.

கைபேசியில் படம் பிடித்தவர்களைத் திட்டியிருந்தீர்கள். அதற்கு மட்டும் என் ஓட்டு.