கொப்பியின் முதல் சொல்

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஸ்கான் முடிவு கேட்க பாரிசில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, எனக்குப் பிரெஞ்சு விளங்காது என்பதால், வழமைபோல அவளைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் திரையைக் காட்டி இரண்டு மூன்று வசனம் சொன்னார். "என்னவாம் பிள்ளை?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், டொக்டரைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள். "ஒண்டுமில்லையாம் அம்மா." திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் என் கையை விடவே இல்லை. இரவு படுக்கையில் விக்கி விக்கி அழுதபோதுதான் விசயம் வெளியில் வந்தது.

டொக்டர் சொன்ன சொல் 'தூமேர்'. கட்டி என்று அர்த்தம். 'நீ சாகிறாய்' என்பதற்கும் பிரெஞ்சில் அதே ஓசைதான்: 'தூ மேர்'. கட்டிக்கான சொல்லைப் பிள்ளை அதுவரை கேட்டதில்லை. சாவு அவளுக்குத் தெரியும். கூடவே 'பெனீஞ்' என்றும் சொல்லியிருக்கிறார், ஆபத்தில்லாத கட்டியாம். அதுவும் அவளுக்குத் தெரியாது. மறுநாள் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் தெரிந்த ஒரு தம்பியிடம் ரிப்போட்டைக் காட்டித்தான் நான் இதையெல்லாம் அறிந்தேன். தாய் சாகப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அதை வாய்க்குள் அடக்கி வைத்தபடி அந்தப் பிள்ளை ஒரு பகல் முழுக்க என்னோடு நடந்திருக்கிறாள்.

அன்று பின்னேரமே ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் அந்த இரண்டு சொல்லையும் எழுதினேன். பாரிசுக்கு வந்து பதினொரு வருசம் கழித்து நான் எழுதிப் படித்த முதல் பிரெஞ்சு இதுதான்.

இப்போது எங்கள் சனம் பதறுகிறது. 2024 ஜனவரியில் வந்த குடிவரவுச் சட்டத்தின்படி, 2026 ஜனவரியிலிருந்து பல வருட விசா காட்டுக்கு, அதாவது வதிவிட அட்டைக்கு, ஏ2 (ஆரம்பப் படி), பத்து வருடக் காட்டுக்கு பி1 (நடுப்படி), பிரெஞ்சுக் குடியுரிமைக்கு பி2 (அதற்கு மேற்படி) என்று மொழித் தரத்தை உயர்த்திவிட்டார்கள். யாரைப் பார்த்தாலும் கையில் சொற்பட்டியல். நூறு வினைச்சொல், இருநூறு பெயர்ச்சொல். நானும் அப்படிப் பாடமாக்கிப் பார்த்தவள்தான். ஒரு கிழமை நிற்காது. பட்டியலில் இருக்கும் சொல்லுக்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை. வாழ்க்கையில் பட்டு அறிந்த சொல் மறந்து போகாது.

என்ர மனிசன் வந்த புதிதில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அந்த வேலைக்கு இங்கே 'ப்ளோஞ்ச்' என்று பெயர். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியும், வேலையின் பெயராகத் தெரியும். 'ப்ளோஞ்சே' என்றால் தண்ணீருக்குள் பாய்வது, மூழ்குவது என்று கொப்பிக்காகத் தேடியபோதுதான் எங்களுக்கே விளங்கியது. குசினிக்குள் கொதிச்சட்டியோடு வருகிறவர் 'ஷோ துவாங்!' என்று கத்துவார், சூடு, விலகு என்று. அவர் அதை ஒருநாளும் எழுதிப் படித்ததில்லை. இன்றைக்கும் வீட்டில் சோற்றுப்பானையை இறக்கும்போது அவர் வாயில் அதுதான் வரும். இந்தப் பிரெஞ்சை எங்கள் ஆட்கள் 'குசினிப் பிரெஞ்சு' என்று இளக்காரமாகச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. பத்து மணித்தியாலம் நின்று உழைத்துப் படித்த மொழி அது.

குசினி என்றவுடன் இதையும் சொல்லவேண்டும். ஒருநாள் ஊருக்குப் போனில் கதைக்கும்போது, சமையலறைக்கு இங்கே 'குயிசின்' என்பார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "நாங்களும் குசினி எண்டுதானேடி சொல்லுறம்" என்றா. அன்றிரவு முழுக்க நானும் மகளும் கொப்பியோடு இருந்தோம். பாணுக்கு இங்கே 'பெங்'. அலுமாரிக்கு 'ஆர்முவார்'. இருக்கிற வாங்குக்கு 'பாங்'. கதிரைக்கு 'ஷேஸ்', கேட்கும்போது ஒற்றுமை தெரியாது, வேர் ஒன்றுதான். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள் எங்கள் வாயில் தங்கிவிட்டன. போர்த்துக்கேயமும் பிரெஞ்சும் லத்தீன் வயிற்றுப் பிள்ளைகள். அந்நிய மொழி என்று நான் பயந்து நின்றதில் பாதி என் அம்மாவின் குசினிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. எழுபது, எண்பது கணக்கை மட்டும் நான் இன்னும் விரல் விட்டுத்தான் சொல்கிறேன். தொண்ணூறு இவர்களுக்கு நாலு இருபதும் பத்தும்.

'பொன்ஜூர்' எல்லாருக்கும் தெரியும் என்று நினைப்போம். எனக்கு அது விளங்க இரண்டு வருசம் எடுத்தது. பாண் கடைக்குள் போய் நேரே "ஒரு பகெத்" என்பேன். காசாளர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நிறத்தைப் பார்த்து நடத்துகிறார் என்று மனம் நொந்து வந்திருக்கிறேன். அப்படி நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கடையில் பிழை என்னிடமும் இருந்தது. ஊரில் கடைக்குப் போனால் "அண்ணை, ஒரு றாத்தல் பாண்" என்போம். அந்த 'அண்ணை'யை விழுங்கிவிட்டுக் கேட்டால் எப்படி இருக்கும்? அந்த 'அண்ணை' இருக்கிற இடத்தில்தான் இங்கே 'பொன்ஜூர்' இருக்கிறது.

தாய்மாரிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதேங்கோ. பள்ளிக்கூடக் கூட்டம், வங்கிக் கடிதம், டொக்டர், எல்லாத்துக்கும் அதுகளை முன்னுக்கு விடுகிறோம். பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம், "எல்லாம் மகள்தான் பாக்கிறவள்" என்று. என்ர பிள்ளை அன்றைக்குச் சுமந்ததைச் சுமக்கிற வயது அதுகளுக்கு இல்லை. நேரமில்லை என்று சொல்வது எனக்கு விளங்கும், நானும் விடிய நாலரைக்கு எழும்பித் துப்பரவு வேலைக்குப் போகிறவள். நான் ஒரு நாளைக்கு ஒரு சொல்தான் எழுதுகிறேன். எங்கே கேட்டேன், யார் சொன்னார் என்றும் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். பிறகு அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் சொல் தானாக வந்து நிற்கும்.

எங்கள் தொடர்மாடியில் இப்போது ஐந்து பெண்கள் சனிக்கிழமை பின்னேரம் என்ர குசினி மேசையில் கூடுகிறோம். போன கிழமை, கடிதத்தில் அடிக்கடி வரும் 'ஜுஸ்திஃபிகாதிஃப்', அத்தாட்சிப் பத்திரம் என்று அர்த்தம். ஆளுக்கொரு கடிதம் கொண்டுவந்து அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, எந்தப் பத்திரத்தைக் கேட்கிறார்கள் என்று வாசித்தோம். வாற சனிக்கிழமை 'ஒர்தொனான்ஸ்', டொக்டர் எழுதித் தாற மருந்துத் துண்டு. வர விரும்புகிறவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கோ, விலாசம் தாறன். வரும்போது வீட்டில் கிடக்கிற பழைய மருந்துத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு வாங்கோ.