டிரக்கை விட்டு இறங்காத தாத்தா

போன ஞாயிறு இரவு பத்து மணிக்கு மேல் ஒரு தோழி கூப்பிட்டாள். சிகாகோவின் மேற்குப் புறநகரில் இருபத்திரண்டு வருடமாக இருப்பவள். எடுத்ததும் அழுகை. ஊரில் யாருக்கோ உடம்பு முடியவில்லை போல என்று பயந்துவிட்டேன். விஷயம் வேறு. மகள் ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பையன் கறுப்பின அமெரிக்கன். நன்றாகப் படித்தவன், நல்ல வேலை, அப்பா அம்மா இருவரும் ஆசிரியர்கள்.

"வெள்ளக்காரனா இருந்தாக்கூட ஊர்ல எதையாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன்க்கா" என்றாள். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவளே சொன்னாள்: "நாங்க ஒண்ணும் நீங்க இருந்தீங்களே, அந்தக் கென்டக்கிக் காட்டு ஆளுங்க மாதிரி இல்லக்கா. எங்களுக்கு யார் மேலயும் வெறுப்பு கிடையாது. பிடிக்கல, அவ்வளவுதான்."

அந்த 'பிடிக்கல, அவ்வளவுதான்' ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

கிழக்கு கென்டக்கியில் நிலக்கரி மலைகளுக்கு நடுவே ஒரு சிற்றூரில் ஆறு வருடம் குழந்தை மருத்துவராக இருந்தேன். ஜே-1 விசாவில் பயிற்சி முடிக்கும் வெளிநாட்டு டாக்டர்கள் இரண்டு வருடம் சொந்த நாட்டில் போய் இருந்துவிட்டுத்தான் திரும்ப வரலாம். டாக்டர் கிடைக்காத பகுதியில் மூன்று வருடம் வேலை பார்க்க ஒப்புக்கொண்டால் அந்த விதி தளரும். மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர் வரை இப்படிச் சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் மூலைமுடுக்குகளில் ஒரு ரெட்டியோ ஒரு சுப்பிரமணியனோ ஸ்டெதஸ்கோப்போடு உட்கார்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நான் மூன்று வருடக் கணக்கில் போனேன். ஆறு வருடம் ஆகிவிட்டது.

அங்கே ஒரு பாட்டி வருவார். வெள்ளைக்காரப் பாட்டி. இடுப்பில் ஒன்றரை வயதுப் பேரன், ஜூலை வெயிலிலும் கம்பளித் தொப்பி. தொப்பியைக் கழற்றச் சொன்னேன். தலை முழுக்கச் சுருள், பின்மண்டையில் சடை பிடித்துப் போயிருந்தது. குழந்தையின் அம்மாவுக்குப் பத்தொன்பது வயது, பெட்ரோல் பங்க்கில் வேலை. அப்பா லெக்சிங்டனில் கல்லூரியில் அறிமுகமான கறுப்பினப் பையன். பாட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "டாக்டர், இந்த முடியை எப்படிச் சீவுறதுன்னு எனக்குத் தெரியல. சீப்பைத் தொட்டாலே அழறான். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

இந்த ஊரிலேயே வெள்ளையாக இல்லாத டாக்டர் நான்தான், அதனால் எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. எனக்கும் தெரியாது. என்னோடு பயிற்சியில் இருந்த கறுப்பினத் தோழியை ஸ்பீக்கரில் போட்டேன். நன்றாக நனைத்து, கை நிறைய கண்டிஷனர் போட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும், காய்ந்த முடியில் சீப்பை வைக்கவே கூடாது என்றாள். பாட்டி மருந்துச்சீட்டின் பின்பக்கம் அத்தனையையும் எழுதிக்கொண்டார். அடுத்த முறை குழந்தை தொப்பி இல்லாமல் வந்தான்.

தாத்தா மட்டும் உள்ளே வரமாட்டார். வாசலில் டிரக்கை ஓடவிட்டு அதிலேயே உட்கார்ந்திருப்பார். என் அறை ஜன்னலிலிருந்து தெரியும். ஏறக்குறைய இரண்டு வருடம் அப்படி.

ஒரு பிப்ரவரி மாதம் கடும் பனி. குழந்தைக்கு இளைப்பு. பாட்டி காலில் கட்டுப் போட்டு வீட்டில் இருந்தார். தாத்தாதான் தூக்கிக்கொண்டு வந்தார், தன் கோட்டுக்குள்ளேயே வைத்துப் பொத்தானைப் போட்டிருந்தார். நெபுலைசர் ஓடிய நேரம் முழுக்க "பப்பா இங்கதான் இருக்கேன், பப்பா இங்கதான் இருக்கேன்" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூச்சு நிதானப்பட்ட பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார்: "இவன் அப்பனை என் வாசப்படி ஏத்தமாட்டேன் டாக்டர். ஆனா இவன் வேற."

இவன் வேற.

இந்த வார்த்தையை நான் எங்கள் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரில், அப்பாவோடு கூடப் படித்த ஒரே ஒரு நண்பரைத் திண்ணை வரை உட்காரவிடுவார்கள். அவர் தெருவிலிருந்து வேறு யாரையும் விடமாட்டார்கள். அவரைப் பற்றிப் பேசும்போது பாட்டி "அவன் வேற ஆளு, நம்ம பிள்ளை மாதிரி" என்பாள். ஒருத்தரை மட்டும் விதிவிலக்காக்கிவிட்டால் விதி அப்படியே இருந்துவிடலாம். அன்றைக்கு அந்தத் தாத்தாவிடம் நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அங்கே இருந்தபோது, 2011 நவம்பரில், பக்கத்து பைக் கவுன்டியில் ஒரு சின்ன பாப்டிஸ்ட் சபை, வேற்றினத்தில் கலப்பு மணம் செய்தவர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று 9க்கு 6 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. காரணம், சபையின் மகள் ஒருத்தி ஜிம்பாப்வேக்காரரான தன் வருங்காலக் கணவரை வழிபாட்டுக்குக் கூட்டி வந்தாள், அவர் ஒரு பாட்டுப் பாடினார். அவ்வளவுதான் நடந்தது. நாடெங்கும் செய்தியானது, சில நாட்களிலேயே சபை தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. சிகாகோவில் இருந்த நம்மவர்கள் எல்லாரும் எனக்கு அந்தச் செய்தியை அனுப்பி "எப்படிக்கா அங்க இருக்கீங்க?" என்று கேட்டார்கள். இப்போது அழும் தோழியும் அனுப்பினாள்.

சின்ன ஊரில் இது இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ப்யூ ஆய்வு மையம் 2015 கணக்கை எடுத்துப் பார்த்தபோது, பெருநகரப் பகுதிகளில் புதுமணத் தம்பதிகளில் 18 சதவீதம் பேர் வேற்றினத்தில் மணந்திருந்தார்கள். அதற்கு வெளியே 11 சதவீதம். வித்தியாசம் உண்மைதான். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. ஆசிய வம்சாவளியினரை மட்டும் எடுத்தால் கணக்கு தலைகீழ். நகரத்தைவிடச் சிற்றூரில் இருக்கும் ஆசியர்கள்தான் அதிகமாக வேற்றினத்தில் மணக்கிறார்கள், கிட்டத்தட்டப் பாதிப் பேர். சிற்றூரில் நம்மவர்கள் என்று ஒரு கூட்டம் இல்லை. பக்கத்து வீடும் பள்ளிக்கூடமும் வேலையிடமும் யாரைக் காட்டுகிறதோ அவரைத்தான் மனது பார்க்கிறது. சிகாகோவில் நமக்குத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, பொங்கல் விழா இருக்கிறது. வேறு யார் முகத்தையும் பார்க்காமலே ஒரு ஆயுளை ஓட்டிவிடலாம்.

கறுப்பினப் பெண் மில்ட்ரெட், அவரை மணந்த வெள்ளையர் ரிச்சர்ட் லவ்விங் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1967 ஜூன் 12 அன்று கலப்பு மணத் தடைச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது அவர்கள் வழக்கில்தான். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது அவர்களுடைய ஊர். வர்ஜீனியாவில் சென்ட்ரல் பாயின்ட் என்ற சின்னக் கிராமம். வெள்ளையரும் கறுப்பரும் பூர்வகுடிகளும் தலைமுறைகளாகக் கலந்து புழங்கிய இடம். அதனால்தான் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே முடிந்தது. வாஷிங்டனில் போய்த் திருமணம் செய்துகொண்டு திரும்பினார்கள். 1958 ஜூலையில் ஷெரிஃப் நடுராத்திரியில் படுக்கையறைக்கே வந்து கைது செய்தார். 25 வருடம் சேர்ந்து மாநிலத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று நீதிபதி சொன்னதும் வாஷிங்டனுக்குப் போனார்கள். நகரம் சட்டப்படி அவர்களை ஏற்றுக்கொண்டது. மில்ட்ரெடுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் 1963இல் அப்போதைய அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்குக் கடிதம் எழுதினார். காதலித்ததும் கிராமத்தில், கைதானதும் கிராமத்தில், திரும்ப ஏங்கியதும் அதே கிராமத்துக்கு. சின்ன ஊர் என்றால் வெறுப்பு, நகரம் என்றால் விடுதலை என்ற கணக்கில் இதை எங்கே வைப்பது?

இப்போது நகரத்துக்கு வருகிறேன். சிகாகோவில் ரெட் லைன் ரயிலில் தெற்கே போயிருப்பவர்களுக்குத் தெரியும். நகர மையத்தைத் தாண்டத் தாண்ட வெள்ளை முகங்கள் இறங்கிக்கொண்டே வரும். 95ஆவது தெரு வரும்போது பெட்டியில் ஏறக்குறைய எல்லாரும் கறுப்பினத்தவர். இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அந்தக் கடைசி நிலையம் வரை போனதில்லை என்று தோழியே ஒருநாள் சொல்லியிருக்கிறாள்.

என் தங்கை மகனுக்கு இருபத்தொன்பது வயது. டேட்டிங் செயலியில் ஆறு மாதத்தில் நாலு பேர்தான் பதில் போட்டார்கள் என்று வருத்தப்பட்டான். "இந்தியப் பையன்னா ஸ்வைப் பண்ணிட்டுப் போயிடறாங்க பெரியம்மா." மனசு கஷ்டமாகிவிட்டது. கவனித்து வளர்த்த பிள்ளை. போனை வாங்கிப் பார்த்தேன். அவன் தேர்வில் டிக் போட்டிருந்தது இரண்டே பெட்டிகள்: வெள்ளையர், தெற்காசியர். ஏன்ப்பா என்றேன். "அது சும்மா பிரிஃபரன்ஸ் பெரியம்மா."

ஓகேகியூபிட் என்ற டேட்டிங் நிறுவனம் 2014இல் தன் சொந்தப் புள்ளிவிவரங்களையே வெளியிட்டது. கறுப்பினப் பெண்களுக்கும் ஆசிய ஆண்களுக்கும்தான் மற்றவர்களிடமிருந்து மிகக் குறைந்த மதிப்பெண். ஐந்து வருட இடைவெளியில், கேள்வி கேட்டால் இனம் முக்கியமில்லை என்று சொல்பவர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் யாருக்கு மதிப்பெண் போட்டார்கள் என்று பார்த்தால் பழைய கதைதான். என் தங்கை மகன் அந்தத் தராசின் இரண்டு தட்டிலும் நிற்கிறான். தன்னை ஒதுக்குகிறார்கள் என்று வலிக்கிறது. தான் ஒதுக்குவது கண்ணுக்கே தெரியவில்லை. தாத்தா டிரக்கில் உட்கார்ந்திருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவன் ஒதுக்கிய பெண்களுக்கு இப்படி ஒருவன் இருந்ததே தெரியாது.

பிடித்தம் பிறவியிலேயே வருவது என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களை வைத்து, நாலு நாலு நிமிடம் ஒருவரோடு ஒருவர் பேசவிட்டு, மறுபடி யாரைச் சந்திக்க விருப்பம் என்று கேட்டு ஒரு ஆய்வு செய்தார்கள். 2008இல் வெளியானது. எல்லாரும் இருப்பது நியூயார்க் நகரத்தில். ஆனாலும் அவர்கள் வளர்ந்த இடத்தில் இன மனப்பான்மை எப்படி இருந்ததோ, அது இங்கே யாரைப் பிடிக்கிறது என்பதில் தெரிந்தது. ஊர் மாறினாலும் வளர்ந்த தெரு கூடவே வருகிறது.

எனக்கு இதற்கு ஆய்வு தேவைப்படவில்லை. பன்னிரண்டு வயதில் என் கையில் ஃபேர் அண்ட் லவ்லி ட்யூபைக் கொடுத்தவள் என் சொந்த அத்தை. என் ஜாதகத்தோடு போன குறிப்பில் 'மாநிறம்' என்று அப்பா எழுதினார். நான் கறுப்பு. எழுதும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்த நான் ஒருவனைப் பார்த்து அழகன் என்றோ இல்லை என்றோ நினைப்பதை 'என் ரசனை' என்று எப்படிச் சொல்வேன்? ஷாதி டாட் காம் தளத்தில் நிறத்தை வைத்துத் தேடும் வசதி 2020 வரை இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் நம் பெண்கள் கையெழுத்து வாங்கிப் போராடியதும் எடுத்தார்கள்.

தோழியிடம் அன்று இதையெல்லாம் சொல்லவில்லை. அழுகிறவளிடம் ஆய்வு பேச முடியாது. அந்தத் தாத்தா கதையை மட்டும் சொன்னேன். "நான் அந்த ஆளு மாதிரியாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை அவளே மறுபடி கூப்பிட்டாள். சனிக்கிழமை மதியம் பையன் சாப்பிட வருகிறானாம். நம்ம சாம்பார் அவனுக்கு ஒத்துக்கொள்ளுமா, காரம் குறைக்கணுமா என்று கேட்டாள். நீயும் வா அக்கா, நான் தனியா இருக்க பயமா இருக்கு என்றாள். போகிறேன். அவள் கணவர் அன்றைக்கு வீட்டில் இருப்பாரா என்று கேட்டேன். அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம்.