புதுப் புத்தகம் கேட்டு வருபவருக்கு அலமாரியைக் கை காட்டினால் போதுமா?

கிளை நூலகத்துக்குப் புதுப் புத்தகங்கள் வந்தாலும் பழையவற்றோடு எண் வரிசையில் சேர்ந்து, முதுகு மட்டும் தெரிய நிற்கின்றன. புதுசா என்ன வந்திருக்கு என்று கேட்பவருக்கு அந்த அலமாரியைத்தான் காட்டுகிறோம். பெயரே கேள்விப்படாத எழுத்தாளரை அவர் எதை நம்பி எடுப்பார்? தெரிந்த பெயரையே மறுபடி எடுத்துக்கொண்டு போகிறார்.

பரிந்துரை என்பது எதிரில் நிற்கும் ஆளிடமிருந்து தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடைசியாக எதை ரசித்துப் படித்தீர்கள் என்று கேட்டாலே பாதி வழி தெரிந்துவிடும்.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்க வரும் பிள்ளைகளையே எடுத்துக்கொள்வோம். கதை படிக்க நேரமில்லை என்பார்கள். சரி, ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலைக் கொடுங்கள். 2024க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வ.உ.சி. கைதானதும் 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். பாடக் குறிப்பில் ஒரு வரியில் முடிந்துபோகும் செய்தி இது. அன்று தெருவில் இறங்கிய சாமானியர்களை இந்த நூலில்தான் பார்க்க முடியும்.

குடும்பக் கதைகளாகவே தேடி எடுக்கும் அக்காவுக்கு தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. 2023க்கான அகாதெமி விருது நாவல் என்று ஆரம்பித்தால் ஒருவேளை தயங்குவார். கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பம், காரு மாமாவின் சாவு, அதற்காக வந்து கூடும் சொந்தபந்தம், பழைய மனத்தாங்கல்கள் என்று சொல்லிப் பாருங்கள், கை நீட்டி வாங்கிக்கொள்வார்.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று 1931லேயே விதியாக எழுதிவைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் வாங்கிய நூல் யார் கையிலும் சேராமல் கிடந்தால் எனக்கு மனசு ஆறாது.

பல ஊர்களில் நூலகர் ஒருவரே திறந்து, இரவல் எழுதி, பூட்டிவிட்டுப் போகிறார். இதையும் அவர் தலையில் கட்ட முடியாது. வாசகர் வட்டம் கையில் எடுக்கலாம். இரவல் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போதும். புது நூல்களை அட்டை தெரிய வையுங்கள். நாவலுக்குப் பக்கத்திலேயே அதே மண்ணைப் பேசும் வரலாறோ கட்டுரை நூலோ இருக்கட்டும். படித்தவர் கைப்பட இரண்டு வரி எழுதி உள்ளே செருகட்டும். அப்புறம் மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

சமீபத்தில் வந்தவற்றில் ஒரு நாவல், ஒரு கட்டுரை நூல், யாருக்குக் கொடுப்பீர்கள் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள்.