தொட்டிக்கு முன்னால் ஒரு தராசு வாங்கிக் கொடுங்கள்

பள்ளியில் மறுசுழற்சித் திட்டம் என்றாலே பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வந்து இறங்குகின்றன. உறுதிமொழி எடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் காய்ந்த குப்பைக்கான நீலத் தொட்டிக்குள் சாம்பார் சாதம் கிடக்கிறது. பின்சுவர் ஓரத்தில் எல்லாம் வழக்கம்போல எரிகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிற எனக்கு இது பெரிய மனக்குறை. திட்டம் போடுவதையும், அது தேறியதா இல்லையா என்று கணக்குப் பார்ப்பதையும் பிள்ளைகளிடமே கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. இப்போது இரண்டையும் பெரியவர்களே செய்கிறோம். பிள்ளைகளுக்கு மிஞ்சுவது குப்பையைத் தூக்கிப் போடும் வேலை மட்டும்.

முதலில் அவர்கள் குப்பையைக் கொட்டிப் பார்க்கட்டும். பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரித்து, கையுறை மாட்டி, ஒரு நாள் சேர்ந்த குப்பையைப் பிரித்து எடை போட வேண்டும். கழிப்பறைக் குப்பையும் நாப்கினும் இதில் சேரவே கூடாது. அவற்றை அப்புறப்படுத்துவது பெரியவர்களின் பொறுப்பு. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. பள்ளிக்கு அந்தப் பிரிவு மட்டும் போதாது. நோட்டுத் தாள், பேனா, பிஸ்கட் கவர், செய்முறை வேலைக்கு வாங்கிய தெர்மாகோல், விழா அன்று குவியும் தண்ணீர் பாட்டில், சத்துணவுக் கூடத்து முட்டை ஓடு, காய்கறித் தோல், மரத்தடிச் சருகு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வழி வேண்டும்.

அப்புறம் பட்டியலோடு பழைய பேப்பர் கடைக்குப் போகட்டும். தாளை எடுத்துக்கொள்வார்கள், ஆனால் குழம்பு பட்டு நனைந்த தாள் வேண்டாம் என்பார்கள். தண்ணீர் பாட்டில் போகும். சிப்ஸ் கவரை யாரும் தொடமாட்டார்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டிய அந்தக் கவரைப் பிரித்தெடுக்கும் செலவு யாருக்கும் கட்டுப்படியாகாது. இது தெரிந்த பிள்ளை சிப்ஸ் கவருக்குத் தனித் தொட்டி கேட்காது. கவரே உள்ளே வராமல் இருக்க என்ன வழி என்று கேட்கும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. சரி, நல்ல முயற்சிகள்தான். ஆனால் பள்ளி வாசல் பெட்டிக்கடையில் தொங்கும் தின்பண்டச் சரத்தைப் பற்றிப் பேச அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் கணக்குதான் வேண்டும்.

திட்டம் போடும்போது தூய்மைப் பணி பார்க்கும் அக்காவை ஏன் யாரும் கூப்பிடுவதில்லை? இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல பள்ளிகளில் பழைய தாளையும் பாட்டிலையும் சேர்த்துக் கடையில் போட்டு வரும் சிறு காசு அவர்களுடையது. நாம் ‘பசுமைத் திட்டம்’ என்று பெயர் வைத்து அதைப் பள்ளிக் கணக்கில் சேர்த்துவிட்டால் அவர் வயிற்றில் அடிக்கிறோம். பிரித்து வைத்த குப்பை சாயங்காலம் எங்கே போகிறது, எந்த வகுப்பில் எது அதிகம் சேர்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பிள்ளைகள் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு எழுத வேண்டும். அந்தக் காசு யாருக்கு என்பதை அவர் முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், அவருக்கே போகட்டும்.

இனி மதிப்பீடு. ‘அதிக பாட்டில் கொண்டுவரும் வகுப்புக்குப் பரிசு’ என்ற போட்டியை எந்தப் பள்ளியும் நடத்தக் கூடாது. பிள்ளை அப்பாவை நச்சரித்துப் பாட்டில் வாங்க வைக்கும். எத்தனை கிலோ சேர்த்தோம் என்பது கேள்வியே இல்லை. மொத்தக் குப்பை குறைந்ததா, ஒவ்வொரு தொட்டியிலும் தப்பாக விழுந்தது எவ்வளவு, எரிப்பது நின்றதா என்பவைதான் பார்க்க வேண்டியவை. எரிகிற குப்பையில் ஃபிளெக்ஸ் பேனரும் இருக்கலாம், அது பிவிசி என்ற பிளாஸ்டிக். எரித்தால் டையாக்சின் போன்ற நச்சு வரும். அந்தப் புகை முதலில் நுழைவது பக்கத்து வகுப்பறைக்குள்தான்.

ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு முடிந்து பழைய நோட்டுகள் வெளியே வரும். ஆயுத பூஜைக்கு முன் பள்ளி முழுக்கச் சுத்தம் செய்வார்கள். இந்த நாட்களைச் சாதாரண வாரத்தோடு வைத்துப் பார்த்தால் கணக்கு பொய் சொல்லும். வருகைப் பதிவேட்டைப் பார்த்து, தலைக்கு எத்தனை கிராம் என்று வகுக்க வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சராசரியும் சதவீதமும் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அசாமில் குவாஹாட்டிக்குப் பக்கத்தில் பாமோஹி என்ற இடத்தில் அக்ஷர் என்றொரு பள்ளி இருக்கிறது. 2016இல் தொடங்கியது. வீட்டில் சேரும் பிளாஸ்டிக்கைக் கட்டணம்போல வாரம் 25 உருப்படி பிள்ளைகள் கொண்டுவரும் ஏற்பாட்டால் பேர் வாங்கியது. அந்த எண்ணை மட்டும் நாம் இங்கே தூக்கிக்கொண்டு வரக் கூடாது. குளிருக்காக அக்கம்பக்கத்தில் பிளாஸ்டிக்கை எரித்த புகை வகுப்புக்குள் வந்ததால் பிறந்த ஏற்பாடு அது. அவர்கள் ஊர்ப் பிரச்சினைக்கு அவர்கள் கண்ட வழி. நம் பிள்ளைகள் நம் வளாகத்தில் தேடட்டும்.

மதிப்பீட்டில் மோசமான எண் வந்தால் அதையும் அறிவிப்புப் பலகையில் எழுத விட வேண்டும். ஆசிரியர்களுக்கு இது கஷ்டம், எனக்குப் புரிகிறது. ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் படுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் உரக்குழி நாற்றமடித்தது என்று எழுதினால்தான், ஈரம் அதிகமாகிவிட்டது, இன்னும் காய்ந்த சருகு போடலாம் என்று அடுத்த வாரம் யாராவது ஒரு பிள்ளை சொல்லும். மறைத்தால் குழியை மூடிவிட்டுப் போய்விடுவோம்.

எங்கள் பள்ளியின் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் புதுத் தொட்டிகளுக்குப் பணம் ஒதுக்கும் பேச்சு வரும். முதலில் ஒரு தராசு, நல்ல கையுறைகள், ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்குங்கள், சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகள் நாலு பேரையும் தூய்மைப் பணியாளரையும் கூட்டத்தில் பேச விடுங்கள் என்று கேட்கப் போகிறேன். வேறு பள்ளிகளின் குழுவில் இருக்கிறவர்கள் அங்கேயும் கேளுங்கள்.