காய்ச்சல் முகாம் எங்கே?

தமிழகம் கொரோனாவைச் சமாளித்த கதையை 2021 மே மாத ஆக்சிஜன் தட்டுப்பாட்டிலிருந்து தொடங்கியிருக்கிறது உங்கள் கட்டுரை. படுக்கை, ஆக்சிஜன் தேவையை ஒருங்கிணைக்க அப்போது அமைத்த வார் ரூம் நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு சென்னையில் நடந்தது எங்கே?

2020 மே மாதம் கோயம்பேடு சந்தையில் பரவிய தொற்று, ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு அரியலூர், கடலூர், விழுப்புரம் வரை போனது. சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றியபோது காரியம் கைமீறியிருந்தது. மார்ச்சிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

அப்புறம் வந்தவைதான் காய்ச்சல் முகாம்கள். எங்கள் வியாசர்பாடிப் பக்கம் தெருமுனையில் ஒரு பந்தல், ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. ஆட்டோவில் மைக் கட்டி அழைப்பார்கள். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்து, சந்தேகம் இருந்தால் கொரோனா சோதனைக்குச் சளி மாதிரி எடுத்துவிடுவார்கள். கிளம்பும்போது ஒரு டம்ளர் கபசுரக் குடிநீர், அதன் கசப்பு சாயங்காலம் வரை போகாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று பயந்தவர்கள்கூட இங்கே வரிசையில் நின்றார்கள். பல மாநிலங்கள் சீக்கிரம் முடிவு தரும் ஆன்டிஜன் சோதனைக்கு மாறியபோதும், அதைவிடத் துல்லியமான ஆர்டி-பிசிஆர் ஆய்வகச் சோதனையைத் தமிழகம் விடவில்லை. செலவு அதிகம், ஆனாலும் சரியான முடிவு.

பாராட்டு மட்டும் போதாது, ஐயா. சென்னையில் விடுபட்டிருந்த 444 கொரோனா மரணங்கள் 2020 ஜூலையில்தான் கணக்கில் சேர்ந்தன. அதுவும் ஆய்வுக் குழு போட்ட பிறகு. அதைப் பற்றி ஒரு வரியாவது சேருங்கள்.