பிரிட்டன்–அமெரிக்கா வாய்ச்சண்டையில் கல்லாகிப் போகும் கேக்

டீயில் ஒரு சிட்டிகை உப்பு. 2024 ஜனவரியில் நடந்தது இவ்வளவுதான். பென்சில்வேனியாவிலுள்ள பிரின் மார் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் மிஷெல் ஃப்ராங்கல், டீ கசந்தால் துளி உப்புச் சேர்த்துப் பாருங்கள் என்றார். பிரிட்டனில் பத்திரிகை, டிவி எல்லாம் பொங்கிவிட்டன. லண்டனிலுள்ள அமெரிக்கத் தூதரகம் சமாதானம் பேசுவதுபோல ஓர் அறிக்கை விட்டது: பிரிட்டனின் தேசிய பானத்தில் உப்புப் போடுவது அமெரிக்காவின் அதிகாரபூர்வக் கொள்கை அல்ல, எந்நாளும் ஆகாது. இத்தோடு விட்டிருக்கலாம். டீயை முறைப்படி, அதாவது மைக்ரோவேவில், போடுவதைத் தூதரகம் தொடரும் என்று கடைசி வரியில் கொளுத்திப் போட்டார்கள். கெட்டிலைத் தவிர வேறு வழியே கிடையாது என்று பிரிட்டிஷ் அரசின் கேபினட் அலுவலகம் பதில் சொன்னது.

இந்த வம்பை ரசிக்கலாம், தப்பில்லை. ஆனால் இரண்டு தரப்பும் வழக்கமாகச் சண்டை போடும் பட்டியலே தவறு என்பது என் கட்சி. ஆபர்ஜீன் என்றாலும் எக்பிளான்ட் என்றாலும் கத்தரிக்காய்தான். கோர்ஷெட்டும் சுக்கினியும் ஒரே காய். பெயர் புரியவில்லை என்றால் யாராக இருந்தாலும் தேடிப் பார்த்துவிடுவார்கள். பெயர் ஒன்றாக இருந்து உள்ளே இருப்பது வேறாக இருக்கும்போது யாரும் தேடுவதில்லை. அங்கேதான் கேக் கல்லாகிறது, மாவு களியாகிறது.

முதலில் டீ வழக்கை முடித்துவிடலாம். உப்பு விஷயத்தில் பேராசிரியர் சொன்னது சரி. கரிப்பு தெரியாத அளவு சோடியமே நாக்கில் கசப்பை மட்டுப்படுத்தும். மைக்ரோவேவ் விஷயத்தில் நியாயம் பிரிட்டன் பக்கம். ஆனால் காரணம் நாகரிகம் இல்லை, மின்சாரம். பிரிட்டனில் 230 வோல்ட், பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ். அதனால் கெட்டில் 3,000 வாட் வரை இழுக்கும். அமெரிக்க வீட்டில் சாதாரண பிளக் 120 வோல்ட், 15 ஆம்பியர். அங்கே விற்கும் கெட்டில்கள் பெரும்பாலும் 1,500 வாட். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகச் சுமார் 335 கிலோஜூல் வேண்டும். கணக்குப் போட்டால் லண்டனில் இரண்டு நிமிடம், சிகாகோவில் நான்கு நிமிடம். ஒரே ஒரு கப் டீக்காக யார் காத்திருப்பார்கள்? கையெட்டும் தூரத்தில் மைக்ரோவேவ் இருக்கிறது.

மைக்ரோவேவில் என்ன கெடுகிறது? கெட்டிலில் சூடு அடியில் பிறந்து மேலே ஏறுவதால் தண்ணீர் தானாகவே புரண்டு சீராகச் சூடாகும். மைக்ரோவேவில் கோப்பையின் மேல்பகுதி கொதிக்கும்போது அடித் தண்ணீர் அந்தச் சூட்டை எட்டியிருக்காது. கறுப்புத் தேயிலைக்கு நல்ல கொதிநீர் இல்லாவிட்டால் சாறு சரியாக இறங்காது. இன்னொன்று, வழவழப்பான கோப்பையில் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் குமிழி விடாமல் சும்மா இருக்கும். டீ பையைப் போட்டதும் பொங்கிக் கையில் கொட்டும். மைக்ரோவேவ்தான் கதி என்றால் ஒரு மரக்குச்சியைக் கோப்பையில் போட்டுச் சூடாக்குங்கள். வெளியே எடுத்துக் கலக்கிவிட்டு, அதன் பிறகு பையைப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் பையைப் போட்டு இரண்டையும் சேர்த்துச் சுடவைப்பதற்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் மன்னிப்பு இல்லை.

பிரிட்டிஷ்காரர்கள் அமெரிக்க டீயை வெந்நீர் என்பதற்கும் அமெரிக்கர்கள் பிரிட்டிஷ் டீயைக் கஷாயம் என்பதற்கும் பாதிக் காரணம் பை. பிரிட்டனில் சாதாரணமாக விற்கும் பையில் சுமார் 3 கிராம் தேயிலை இருக்கும். அமெரிக்கப் பையில் 2 கிராமுக்குச் சற்று மேல். அதையும் பெரிய மக்கில் போட்டு ஒரு நிமிடத்தில் வெளியே எடுத்தால் வேறு என்ன வரும்?

டீக்குச் சர்வதேசத் தரநிர்ணயமே உண்டு: ஐஎஸ்ஓ 3103. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, வெள்ளைப் பீங்கான் பாத்திரம், 6 நிமிடம் ஊறல். பால் சேர்ப்பதானால் முதலில் பால். பிறகு சேர்த்தால் டீ 65 முதல் 80 டிகிரிக்குள் ஆறியிருக்க வேண்டும். பால் முதலிலா டீ முதலிலா என்று குடும்பமே பிரிந்து நிற்கும் நாட்டில் இது பெரிய தீர்ப்பு. ஆனால் இந்த விதி தேயிலை ருசி பார்ப்பவர்கள் ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்காக வகுத்தது, குடிப்பதற்காக இல்லை. வீட்டில் இப்படிப் போட்டால் தொண்டை பிடிக்கும். டீ போட ஆறு பக்க விதி எழுதியதற்காக 1999இல் பிரிட்டிஷ் தரநிர்ணய நிறுவனத்துக்கு இக் நோபல் கேலிப் பரிசு கிடைத்தது.

இத்தனை வீராப்புக்கும் நடுவில் ஒன்று. அமெரிக்கக் கடை அலமாரிகளை நிறைக்கும் லிப்டன், கிளாஸ்கோவில் பிறந்தவர் பெயர். தாமஸ் லிப்டன் 1890இல் இலங்கை மலையகத்தில் தோட்டங்களை வாங்கினார். கொழுந்து பறித்த கைகள் தமிழ்க் கைகள். சண்டையில் எந்தத் தரப்பும் இதைச் சொல்வதில்லை.

அமெரிக்கர்களுக்கு டீயே தெரியாது என்பதும் பொய். அவர்களுடைய டீ குளிர்ந்த டீ. தென்மாநிலங்களின் ஸ்வீட் டீயில் சர்க்கரையை டீ சூடாக இருக்கும்போதே கரைக்க வேண்டும்; ஆறிய பிறகு கொட்டினால் அடியில் மணலாகத் தங்கும். சூட்டோடு ஃபிரிட்ஜில் வைத்தால் காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் ஒட்டிக்கொண்டு டீ கலங்கிவிடும். அறைச் சூட்டுக்கு ஆறவிட்டுப் பிறகு உள்ளே வையுங்கள். கலங்கிவிட்டால் கொஞ்சம் கொதிநீர் ஊற்றினால் தெளியும். சிலர் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுவார்கள், துவர்ப்பு அடங்கும். உப்புக்குப் பொங்கிய பிரிட்டன் இதைக் கேள்விப்படவில்லை போலிருக்கிறது.

இப்போது பிஸ்கட். அமெரிக்கர்கள் காலையில் பிஸ்கட்டுக்கு வெள்ளை கிரேவி ஊற்றிச் சாப்பிடுகிறார்கள் என்றால் பிரிட்டிஷ்காரர் முகம் சுளிப்பார். அவர் மனதில் ஓடுவது டைஜெஸ்டிவ் பிஸ்கட்டின் மேல் பழுப்பு வெங்காயக் குழம்பு. உண்மையில் அது சூடான, அடுக்கடுக்கான, மிருதுவான ரொட்டி. கிரேவி என்பது பன்றி சாசேஜை உதிர்த்து வறுத்து, அந்தக் கொழுப்பிலேயே மாவு வறுத்து, பால் ஊற்றிக் கெட்டியாக்கி, மிளகுத்தூள் தாராளமாகப் போட்டது. பார்க்கச் சகிக்காது. ருசி அபாரம்.

இதற்குப் பிரிட்டனில் நெருங்கிய உறவு ஸ்கோன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். ஸ்கோனுக்கு 225 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே விற்கும் மைதா), 50 கிராம் வெண்ணெய், 25 கிராம் சர்க்கரை, 150 மில்லி பால். அமெரிக்க பிஸ்கட்டுக்கு அதே வகை மாவு 240 கிராம், 85 கிராம் வெண்ணெய், 180 மில்லி கெட்டி மோர், சர்க்கரை கிடையாது. வெண்ணெய் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஸ்கோன் வறண்டிருப்பது குற்றமில்லை. மேலே 55 சதவீதத்துக்குக் குறையாத கொழுப்புள்ள கிளாட்டட் கிரீம், அதாவது கெட்டியாகத் திரண்ட பாலாடை, ஏறப்போகிறது. கார்ன்வாலில் ஜாம் முதலில், டெவனில் கிரீம் முதலில். அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை.

பிஸ்கட் எழும்பாமல் போவதற்குக் காரணங்கள் மூன்று நான்குதான். வெண்ணெய் உருகியிருக்கும்: ஃபிரீசரில் வைத்துத் துருவிப் போடுங்கள். மாவைச் சப்பாத்திக்குப்போலப் பிசைந்திருப்பீர்கள்: ஒட்டினால் போதும், பிறகு தட்டி மூன்று நான்கு முறை மடியுங்கள், அடுக்கு வரும். அச்சை அழுத்தித் திருகி எடுத்திருப்பீர்கள்: திருகினால் ஓரம் மூடிக்கொள்ளும், நேராக இறக்கி நேராக எடுக்க வேண்டும். இடைவெளி விட்டு அடுக்கியிருப்பீர்கள்: ஒன்றையொன்று தொட்டபடி வைத்தால்தான் பக்கவாட்டில் பரவாமல் மேலே எழும்பும். 230 டிகிரி செல்சியஸ், 12 முதல் 15 நிமிடம்.

இங்கே ஒரு பொறி. செல்ஃப் ரெய்சிங் மாவு இரண்டு நாட்டிலும் கிடைக்கும், ஆனால் ஒன்றில்லை. அமெரிக்க மாவில் உப்பு கலந்தே வரும், பிரிட்டிஷ் மாவில் வராது. அமெரிக்க ரெசிபியைப் பிரிட்டிஷ் மாவில் செய்தால் சப்பென்று இருக்கும்; திருப்பிச் செய்தால் கரிக்கும். தென்மாநிலங்களில் இந்த மாவை அரைப்பது புரதம் குறைந்த மென்கோதுமையில். அதனால்தான் வேறு ஊரில் அதே அளவில் செய்தாலும் அந்த மிருது வருவதில்லை.

முட்டை இன்னும் மோசம். அமெரிக்க 'லார்ஜ்' முட்டை ஓட்டோடு சராசரி 57 கிராம். பிரிட்டிஷ் 'லார்ஜ்' 63 முதல் 73 வரை. அதாவது அமெரிக்க லார்ஜ் பிரிட்டனில் மீடியம். அமெரிக்க ரெசிபிக்குப் பிரிட்டிஷ் லார்ஜைப் போட்டால் நான்கு முட்டை கேக்கில் சுமார் 40 கிராம் முட்டை கூடிப்போகும், நடுவில் வேகாமல் அமுங்கும். பிரிட்டனின் பழைய விக்டோரியா ஸ்பாஞ்ச் கேக் முறை இதற்கு அருமையான மருந்து: முட்டையை ஓட்டோடு எடை போடுங்கள், அதே எடைக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு. சைஸ் பற்றிய பேச்சே வராது.

கிரீம்: பிரிட்டிஷ் டபுள் கிரீமில் 48 சதவீதக் கொழுப்பு, அமெரிக்க ஹெவி கிரீமில் குறைந்தது 36. அமெரிக்க ரெசிபி சொல்லும் நேரத்துக்கு டபுள் கிரீமை அடித்தால் வெண்ணெய் திரண்டுவிடும். பிரிட்டனில் இருப்பவர்கள் விப்பிங் கிரீம் வாங்குங்கள். சிங்கிள் கிரீம் 18தான், எவ்வளவு அடித்தாலும் நுரைக்காது.

கார்ன் ஃப்ளோர்: பிரிட்டனில் இது வெள்ளை ஸ்டார்ச், சூப்பைக் கெட்டியாக்குவது. தமிழ்நாட்டு மளிகைக் கடையிலும் அதே. அமெரிக்கர்களின் கார்ன் பிரெட்டுக்கு வேண்டியது மஞ்சளாக, கரகரப்பாக இருக்கும் மக்காச்சோள ரவை. ஸ்டார்ச்சைப் போட்டால் பசைதான் வரும். (நாம் பிஸ்கட்டில் பிரிட்டன் கட்சி, சிப்ஸ் என்றால் மெல்லிய வறுவல் என்பதில் அமெரிக்கா கட்சி. யாரும் நம்மைக் கேட்கவில்லை.)

அமெரிக்கக் கப் 237 மில்லி. தண்ணீருக்குச் சரி, மாவுக்கு ஆகாது. கரண்டியால் நிரப்பினால் 120 கிராம், கப்பாலேயே அள்ளினால் 150 வரை போகும். கப்பைத் தலைதட்டி அளக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் பாஸ்டனில் 1896இல் சமையல் புத்தகம் போட்ட ஃபேனி ஃபார்மர். அன்றைக்கு அது முன்னேற்றம். இன்று நல்ல தராசு மலிவாகக் கிடைக்கும்போது ஏன் இந்தப் பிடிவாதம்? அடுப்பில் மட்டும் பிரிட்டன் சும்மா இல்லை. பழைய ரெசிபியில் கேஸ் மார்க் 4 (கேஸ் அவன் திருகில் உள்ள எண்) என்றிருந்தால் 25ஆல் பெருக்கி 250 கூட்டுங்கள், 350 ஃபாரன்ஹீட் வரும். அதுதான் 180 செல்சியஸ்.

பைன்ட் பிரிட்டனில் 568 மில்லி, அமெரிக்காவில் 473. அமெரிக்கர்கள் குறைத்துவிட்டார்கள் என்று பப்பில் முணுமுணுப்பவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்கர்கள் வைத்திருப்பது 1707இல் ஆன் ராணி காலத்தில் பிரிட்டன் நிர்ணயித்த ஒயின் கேலன் (எட்டு பைன்ட் ஒரு கேலன்). 1824இல் அளவை மாற்றிக்கொண்டது பிரிட்டன்தான்.

பேச்சிலும் இதே கதை. கால்பந்தைச் சாக்கர் என்பதற்காக அமெரிக்கர்களைக் கிண்டலடிக்காத பிரிட்டிஷ் ரசிகர் இல்லை. அசோசியேஷன் ஃபுட்பாலைச் சுருக்கி அந்தச் சொல்லை உண்டாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் கொச்சை. பிரிட்டன் அலுமினியம் என்று சொல்ல, அமெரிக்கர்கள் சொல்லும் அலுமினத்தை 1812இல் எழுதியவர் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி. இலையுதிர்காலத்துக்கு ஃபால் என்பதும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறியதே. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

அமெரிக்கா பக்கமும் சுத்தமில்லை. ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுடும் 'ஆப்பிள் பை' பண்டத்தைத் தேசிய அடையாளம் என்பார்கள். 14ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் அதற்குக் குறிப்பு உண்டு. உருளைக்கிழங்குச் சிப்ஸ் 1853இல் நியூயார்க் மாநிலத்தின் சரடோகாவில் பிறந்தது என்பது கதை. உருளைக்கிழங்கை மெல்லியதாகச் சீவிப் பொரிக்கும் குறிப்பை லண்டனில் வில்லியம் கிச்சினர் 1817இலேயே அச்சில் போட்டுவிட்டார். பிரிட்டிஷ்காரர்கள் உயிரை விடும் பேக்டு பீன்ஸோ அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஹைன்ஸ் நிறுவனம் லண்டனுக்கு அனுப்பியது.

பேச்சிலும் ஆபத்து ஒரே சொல்லில்தான். கூட்டத்தில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் இப்போதே விவாதிப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப்போரின்போது இதனால் நீண்ட வாக்குவாதமே நடந்ததாகச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். 'க்வைட் குட்' என்று அமெரிக்கர் சொன்னால் மிக நன்று. பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் 'பரவாயில்லை'. ரெசிபிக்குக் கீழே அப்படி ஒரு பாராட்டு கிடந்தால், எழுதியவர் எந்தக் கரைக்காரர் என்று பார்த்துவிட்டு மாவை எடுங்கள்.